ஹோட்டலில் கார்டு கொடுத்தால் பிளாக் ஆகும் பணம்: எவ்வளவு, எத்தனை நாள், எப்படி விடுவிப்பது

செக்-இன் கவுண்டரில் கார்டைச் செருகிப் பின் நம்பர் போட்ட கையோடு பேங்கிலிருந்து மெசேஜ் வந்துவிடும். அறை வாடகையைவிடக் கூடுதலான தொகை அதில் இருக்கும். பில் போடவில்லை, பெட்டிகூட இன்னும் அறைக்குப் போகவில்லை. "முழுப் பணத்தையும் எடுத்துவிட்டீர்களே?" என்று விருந்தினர் கேட்பார். "எடுக்கவில்லை சார், பிளாக் மட்டும்தான்" என்று ரிசப்ஷனில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் பல பேங்குகள் செலவுக்கும் பிளாக்குக்கும் ஒரே மாதிரி மெசேஜ் அனுப்புவதால், மெசேஜை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

இந்த பிளாக்கின் முழுப்பெயர் ப்ரீ-ஆத்தரைசேஷன். கவுண்டரில் ப்ரீ-ஆத் என்பார்கள், பேங்கில் ஹோல்டு என்பார்கள். இதைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை செக்-அவுட்டின்போது ஒரே ஒரு பட்டனைத் தவறாக அழுத்துவதால் வருபவை. அது எந்தப் பட்டன் என்று புரிய, முதலில் உள்ளே ஓடும் செய்திகளைப் பார்க்க வேண்டும்.

உள்ளே நடப்பது

ஹோட்டலின் கார்டு மெஷின் தன் பேங்குக்கு ஒரு கேள்வி அனுப்புகிறது. அது விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் வழியாக உங்களுக்குக் கார்டு கொடுத்த பேங்குக்குப் போய்ச் சேர்கிறது. "இந்தக் கார்டில் இவ்வளவு தொகைக்கு இடம் இருக்கிறதா?" என்பதுதான் கேள்வி. கார்டு செல்லுபடியாகிறதா, லிமிட் போதுமா, மோசடிக்கான அறிகுறி உண்டா என்று உங்கள் பேங்க் பார்க்கிறது. எல்லாம் சரியென்றால் 6 இலக்க அப்ரூவல் கோடு ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, உங்களுக்குப் பாக்கியிருக்கும் லிமிட்டில் அந்தத் தொகையைக் குறைத்து வைக்கிறது. அவ்வளவுதான். ஹோட்டலின் கணக்குக்கு ஒரு காசும் போகவில்லை. உங்கள் ஸ்டேட்மென்ட்டில் அது நிலுவையாக ஏறாது, வட்டி ஓடாது, ரிவார்டு பாயின்ட்டும் சேராது. ஆப்பில் பெண்டிங் என்ற பகுதியில் மட்டும் தெரியும்.

இதற்குப் பிறகு ஹோட்டல் மூன்று விதமான செய்திகளை அனுப்பலாம். தங்கும் நாள் கூடினாலோ செலவு ஏறினாலோ, முன்பு பிடித்த தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பிடிக்கச் சொல்லலாம். பில் முடிந்ததும் "பிடித்து வைத்ததில் இவ்வளவு எடுத்துக்கொள்கிறோம்" என்று கம்ப்ளீஷன் அனுப்பலாம். எதுவும் எடுக்கத் தேவையில்லையென்றால் "பிடித்ததை விட்டுவிடுங்கள்" என்று ரிவர்சல் அனுப்பலாம். ரீஃபண்ட் என்பது இந்த மூன்றிலும் சேராது. பணம் உண்மையிலேயே போன பிறகு திரும்பி வருவதுதான் ரீஃபண்ட். ப்ரீ-ஆத் விஷயத்தில் "எனக்கு ரீஃபண்ட் வேண்டும்" என்று கேட்டால், கவுண்டரில் இருப்பவர் கணக்கில் தேடிப் பார்த்து "நாங்கள் எதுவுமே வாங்கவில்லையே" என்பார். "ரிவர்சல் போடுங்கள்" என்று கேட்டால் வேலை நடக்கும்.

எவ்வளவு பிடிப்பார்கள்

தங்கும் நாள்களின் வாடகை, அதன் மேல் வரி, அத்துடன் சாப்பாடு, துணி சலவை, மினிபார், உடைசல் போன்றவற்றுக்காக ஒரு கூடுதல் தொகை. இந்தக் கூடுதலை நாளுக்கு இவ்வளவு என்று போடும் ஹோட்டலும் உண்டு, மொத்தத் தங்கலுக்கும் ஒரே தொகையாகப் போடும் ஹோட்டலும் உண்டு. கணக்கில் பெரிய வித்தியாசம் வருவது இங்கேதான். முன்பதிவு செய்யும்போதே பார்க்க வேண்டியதும் இதுதான். பெரும்பாலும் விதிமுறைகளின் அடியில் டெபாசிட் என்ற தலைப்பில் சின்ன எழுத்தில் இருக்கும்.

ஓர் உதாரணம். நாள் வாடகை 100 என்று வைத்துக்கொள்வோம். 3 இரவு, வரி 10 சதவீதம், கூடுதலாக இரவுக்கு 50. வாடகை 300, வரி 30, கூடுதல் 150, ஆக மொத்தம் 480 பிளாக் ஆகும். கிளம்பும்போது பில் 372 வந்தால் கம்ப்ளீஷன் 372-க்குப் போகும், மிச்சம் 108 விடுபடும்.

ஒரே கார்டில் இரண்டு மூன்று அறை எடுத்தால் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக ஹோல்டு விழும். குடும்பத்தோடு போகிறவர்கள் லிமிட் கணக்கில் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முன்பதிவு நேரத்தில் கார்டுக்கு என்ன ஆகிறது

எல்லா முன்பதிவிலும் ஹோல்டு விழுவதில்லை. "ஹோட்டலில் செலுத்தலாம்" என்ற வகையில் கார்டு விவரம் உத்தரவாதத்துக்கு மட்டும்தான். கார்டு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கப் பூஜ்யத் தொகைக்கோ மிகச் சிறிய தொகைக்கோ ஒரு சோதனை ஓடும். சில நாளில் அது தானாக மறைந்துவிடும். ஆனால் வராமல் இருந்துவிட்டாலோ, ரத்து செய்யும் கெடு தாண்டினாலோ, விதிமுறையில் சொன்ன கட்டணத்தை அதே கார்டில் எடுப்பார்கள். அப்போது நடப்பது உண்மையான வசூல்.

ரீஃபண்ட் இல்லாத சலுகை விலையில் பதிவு செய்தால் பணம் அன்றைக்கே போய்விடும். முதல் இரவு வாடகையை மட்டும் டெபாசிட்டாக எடுக்கும் இடங்களும் உண்டு. பணம் முன்பே கட்டியாயிற்று என்பதால் செக்-இன்னில் ஹோல்டு இருக்காது என்று நினைக்க வேண்டாம். வாடகைக்கு இருக்காது, கூடுதல் தொகைக்கு இருக்கும்.

புக்கிங் தளம் வழியாக முழுப் பணமும் கட்டியிருந்தால் ஒரு சிக்கலுக்குத் தயாராக இருங்கள். தளம் உங்கள் கார்டு நம்பரை ஹோட்டலுக்குக் கொடுக்காமல், அந்தப் பதிவுக்கென்றே உருவாக்கிய ஒரு தற்காலிக நம்பரைக் கொடுத்திருக்கலாம். அப்படிப்பட்ட நம்பர்கள் பெரும்பாலும் வருகை நாளில்தான் உயிர்பெறும். கவுண்டரில் இருப்பவர் அதைக் கவனிக்காமல் வாடகையையும் சேர்த்து உங்கள் கார்டிலேயே பிடித்துவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. முன்பணம் கட்டியதற்கான வவுச்சரைக் காட்டி, "வாடகை தளத்தின் கார்டில் இருக்கிறது, என் கார்டில் கூடுதல் செலவுக்கு மட்டும் பிடியுங்கள்" என்று பின் நம்பர் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

செக்-இன் கவுண்டரில்

கார்டைக் கொடுக்கும் முன் மொத்தம் எவ்வளவு பிடிக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். கூடவே, போடுவது ப்ரீ-ஆத்தா சேலா என்றும் கேளுங்கள். மெஷின் திரையிலும், பிறகு வரும் சீட்டிலும் பரிவர்த்தனையின் வகை அச்சாகியிருக்கும். சேல் என்றிருந்தால் அது வசூல்; டெபாசிட்டை வசூலித்துவிட்டுப் பிறகு ரீஃபண்ட் தருகிறார்கள் என்று பொருள். ரீஃபண்ட் வரப் பல வேலை நாள்கள் ஆகலாம் என்பதால் இதை ஏற்கும் முன் யோசியுங்கள்.

அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள அப்ரூவல் கோடு, தேதி, தொகை, கார்டின் கடைசி 4 இலக்கம் ஆகியவைதான் பின்னால் எந்தச் சிக்கல் வந்தாலும் கை கொடுக்கும். போனில் ஒரு படம் எடுத்து வைத்தாலே போதும்.

தொகை அதிகமாகத் தோன்றினால் பேசிப் பார்க்கலாம். "அறைக் கணக்கில் எதையும் எழுத வேண்டாம், சாப்பிட்டால் அங்கேயே கட்டிவிடுகிறேன்" என்று சொன்னால் கூடுதல் தொகையைக் குறைப்பவர்கள் உண்டு. ரொக்க டெபாசிட் ஏற்பவர்களும் உண்டு. ரசீது வாங்காமல் கொடுக்கக் கூடாது.

எந்தக் கார்டைக் கொடுப்பது? லிமிட் தாராளமாக உள்ள, தினசரிச் செலவுக்குப் பயன்படுத்தாத கிரெடிட் கார்டு. பயணத்துக்கு முன்பே நிலுவையைக் கட்டி லிமிட்டைத் திறந்து வைப்பதும் உதவும். போனைத் தட்டிக் கட்டும் வசதியை இங்கே தவிர்ப்பது நல்லது. போனில் ஏற்றிய கார்டு, பிளாஸ்டிக் கார்டில் இருப்பதற்குப் பதிலாக வேறொரு நம்பரை அனுப்புகிறது. போனைத் தட்டி ஹோல்டு போட்டுவிட்டுக் கிளம்பும்போது பிளாஸ்டிக் கார்டை நீட்டினால், மெஷினுக்கு அது புதிய கார்டு. கடைசி 4 இலக்கமே ஒத்துப்போகாது.

தங்கியிருக்கும்போது

ஹோட்டல்களில் ஒவ்வோர் இரவும் அன்றைய கணக்கை முடிப்பார்கள். உங்கள் பில், பிடித்த தொகையை நெருங்கியிருந்தால் அந்த நேரத்தில் கூடுதல் ஹோல்டு போடுவது வழக்கம். நடு இரவில் மெசேஜ் வந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பயப்பட வேண்டாம், காலையில் இடைக்கால பில் ஒன்றை அச்சடித்துத் தரச் சொல்லிச் சரிபாருங்கள். லிமிட் போதாமல் அந்தக் கூடுதல் ஹோல்டு மறுக்கப்பட்டால் ரிசப்ஷனிலிருந்து அழைப்பு வரும். சில இடங்களில் அறைச் சாவி வேலை செய்யாமலும் போகும்.

செக்-அவுட்: தவறு நடக்கும் இடம்

மேலே சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். உங்கள் கார்டில் பாக்கி லிமிட் 550. செக்-இன்னில் 480 பிளாக் ஆனதால் மிச்சம் 70. கிளம்பும்போது பில் 372. கவுண்டரில் இருப்பவர் பழைய ப்ரீ-ஆத்தைத் திறந்து கம்ப்ளீஷன் போட்டால், பிடித்து வைத்த 480-லிருந்தே 372 போகும், எந்தச் சிக்கலும் இல்லை. அவசரத்தில் மெஷினை நீட்டிப் புதிதாக 372-க்கு சேல் அடித்தால்? மிச்சமிருப்பது 70 தான், கார்டு மறுக்கப்படும். இந்தப் பில்லுக்காகவே ஒதுக்கிய பணம் கார்டில் இருக்கும்போதே, "உங்கள் கார்டில் லிமிட் இல்லை" என்று கவுண்டரில் கேட்க நேரும்.

லிமிட் தாராளமாக இருந்தால் இந்த சேல் நிறைவேறிவிடும். அப்போது ஆப்பில் 480 பெண்டிங், 372 செலவு என்று இரண்டும் நிற்கும். "இரண்டு முறை எடுத்துவிட்டார்கள்" என்ற புகாரின் மூலம் இதுதான். இரண்டு முறை எடுக்கவில்லை; எடுத்தது ஒருமுறை, பிடித்ததை விடவில்லை.

பேங்க் ஏன் இரண்டையும் தானாகவே பொருத்திப் பார்ப்பதில்லை? கம்ப்ளீஷன் வரும்போது அதோடு பழைய அப்ரூவல் கோடும் பரிவர்த்தனை எண்ணும் சேர்ந்து வருகின்றன. அவற்றை வைத்துத்தான் பேங்க் ஹோல்டை நீக்குகிறது. புதிய சேலில் அந்த இணைப்பு இல்லை. ஒரே ஹோட்டல், ஒரே கார்டு என்றாலும் பேங்கின் கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு விஷயங்கள்.

ஆகவே கவுண்டரில் சொல்ல வேண்டியது: "செக்-இன்னில் இதே கார்டில் ப்ரீ-ஆத் போட்டிருக்கிறீர்கள், அதையே கம்ப்ளீட் பண்ணுங்கள்." கம்ப்ளீஷனுக்கு வழக்கமாகக் கார்டை மறுபடி செருகவே வேண்டியதில்லை. மறுபடி கார்டைக் கேட்டாலோ பின் நம்பர் போடச் சொன்னாலோ, புதிய சேல் அடிக்கப் போகிறார்களா என்று நின்று கேட்டுவிடுங்கள்.

ரொக்கமாகவோ வேறு கார்டிலோ கட்டினால், முதல் கார்டின் ஹோல்டுக்கு ரிவர்சல் போடச் சொல்லி அதன் சீட்டை வாங்குங்கள். "அதுவே தானாகப் போய்விடும்" என்பது பாதி உண்மை. போகும், ஆனால் உங்கள் பேங்கின் கெடு முடிந்த பிறகு. பில்லை இருவர் பிரித்துக் கட்டும்போது, ஹோல்டு விழுந்த கார்டில் அந்தக் கார்டுக்காரரின் பங்குக்குக் கம்ப்ளீஷன், மற்றவர் கார்டில் புதிய சேல் என்பதே சரியான முறை.

எத்தனை நாளில் விடுபடும்

ஹோட்டல் ரிவர்சலோ சரியான கம்ப்ளீஷனோ அனுப்பியிருந்தால், சில மணி நேரம் முதல் சில வேலை நாள்கள் வரை. எதுவும் அனுப்பாமல் விட்டுவிட்டால் ஹோல்டு காலாவதியாகும்வரை காத்திருக்க வேண்டும். கடையில் பொருள் வாங்கும் அப்ரூவலைவிட ஹோட்டல் ப்ரீ-ஆத்துக்கு நீண்ட ஆயுள்; நெட்வொர்க் விதிகளின்படி ஏறத்தாழ 30 நாள்வரை நிற்கலாம். பல பேங்குகள் அதற்கு முன்பே விட்டுவிடுகின்றன. "7 நாளில் வந்துவிடும்" என்று ரிசப்ஷனில் சொல்வது நல்லெண்ணத்தில்தான், ஆனால் அந்தக் கெடு ஹோட்டலின் கையில் இல்லை, உங்கள் பேங்கின் கையில் இருக்கிறது.

ஹோல்டு ஆப்பிலிருந்து மறைந்துவிட்டதால் பில்லும் மறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பேங்க் சீக்கிரம் விட்டிருக்கலாம், ஹோட்டல் தாமதமாக அனுப்பியிருக்கலாம். சில நாள் கழித்து வசூல் வந்து உட்காரும்.

விடுபடவில்லையென்றால்

முதலில் ஆப்பில் அந்தப் பதிவு பெண்டிங்காக இருக்கிறதா, முடிந்த செலவாக ஏறிவிட்டதா என்று பாருங்கள். எந்தக் கதவைத் தட்டுவது என்பது அதைப் பொறுத்தது.

பெண்டிங்காக இருந்தால் ஹோட்டலின் கணக்குப் பிரிவுக்கு எழுதுங்கள். ரிசப்ஷனில் ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். பெயர், தங்கிய தேதிகள், பில் எண், கார்டின் கடைசி 4 இலக்கம், பிடித்த தொகை, அப்ரூவல் கோடு ஆகியவை ஒரே மெயிலில் இருக்கட்டும். கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: "இந்த அப்ரூவல் கோடுக்கு ரிவர்சல் அனுப்புங்கள், அனுப்பியதும் உறுதிப்படுத்துங்கள்." முழுக் கார்டு நம்பரை எழுத வேண்டாம், அவர்களுக்கும் அது தேவையில்லை.

ரிவர்சல் அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்த பிறகும் ஹோல்டு நின்றால், அந்தப் பதிலோடு உங்கள் பேங்கை அணுகுங்கள். ஹோட்டலின் எழுத்துமூல உறுதி இருந்தால் கையாலேயே விடுவிக்கும் பேங்குகள் உண்டு. சில பேங்குகள் ஹோட்டலே நேரடியாகப் பேச வேண்டும் என்று கேட்கும். அப்போது மூன்று பேரும் சேர்ந்த போன் அழைப்புதான் வேகமான வழி.

பெண்டிங்கில் இருக்கும்போது பேங்கில் சார்ஜ்பேக் (வசூலான பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும்) புகார் கொடுக்கப் பார்ப்பது வீண். பணம் போகாததால், புகாரைப் பதிய அங்கே பரிவர்த்தனையே இல்லை. உண்மையிலேயே இரண்டு முறை வசூலாகி, இரண்டும் ஸ்டேட்மென்ட்டில் ஏறிவிட்டால் மட்டுமே அந்த வழி திறக்கும். அதற்கு இறுதி பில்லும் கட்டிய ரசீதும் தேவை.

டெபிட் கார்டு கொடுத்தால்

கிரெடிட் கார்டில் மாட்டிக்கொள்வது பேங்கின் பணம். டெபிட் கார்டில் மாட்டிக்கொள்வது உங்கள் கணக்கிலுள்ள சொந்தப் பணம். மாதத் தவணை, வாடகை, மின்கட்டணம் என்று அதே கணக்கிலிருந்து தானாகப் போக வேண்டியவை பணமில்லாமல் திரும்பலாம். அதற்கு அபராதமும் விழலாம். கணக்கில் கண்ணுக்குத் தெரியும் இருப்பும் எடுக்கக்கூடிய இருப்பும் வேறு வேறாக இருப்பதால், இது நடந்த பிறகே பலருக்குப் புரிகிறது. சில டெபிட் கார்டுகளில் ப்ரீ-ஆத் வசதியே இருக்காது. அப்போது டெபாசிட்டை நேராக வசூலித்துவிட்டுப் பிறகு ரீஃபண்ட் செய்வார்கள். ப்ரீபெய்டு கார்டுகளைப் பல ஹோட்டல்கள் செக்-இன்னில் ஏற்பதே இல்லை. டெபிட் கார்டு மட்டும்தான் இருக்கிறதென்றால், அதைச் செக்-அவுட்டில் பில் கட்டப் பயன்படுத்துங்கள். டெபாசிட்டை ரொக்கமாகக் கொடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் ஹோல்டு

பிடிக்கும் நாளின் மாற்று விகிதத்தில் உங்கள் பேங்க் தொகையைக் குறித்துக்கொள்கிறது. வசூலாகும் தொகை, கணக்குத் தீர்க்கும் நாளின் விகிதத்தில் அமையும். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் அப்போதுதான் சேரும். எனவே பெண்டிங்கில் பார்த்த எண்ணும் ஸ்டேட்மென்ட்டில் வரும் எண்ணும் சற்று மாறுவது பிழையில்லை. ஹோல்டு வெறுமனே விடுபட்டால் விகித மாற்றத்தால் நஷ்டம் எதுவும் இல்லை. சேல் போட்டு ரீஃபண்ட் செய்தால் போகும்போது ஒரு விகிதம், வரும்போது இன்னொரு விகிதம்; இடையில் உள்ளது உங்கள் தலையில் விழும்.

மெஷின் திரையில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டவா, இந்த நாட்டுப் பணத்திலா" என்று கேட்டால், ஹோட்டல் இருக்கும் நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். முதல் வழியில் மாற்று விகிதத்தை மெஷின் தரப்பு நிர்ணயிக்கிறது; அதில் அவர்களுடைய லாபமும் கலந்திருக்கும்.

வேறொருவருக்காக நீங்கள் கட்டும்போது

பெற்றோரையோ ஊழியரையோ தங்க வைத்துவிட்டு உங்கள் கார்டில் கட்டுவதானால், கார்டு அங்கே நேரில் இருக்காது. ஹோட்டல் ஒரு ஒப்புதல் படிவம் அனுப்பும். எதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பு என்பதை அதில் குறிக்க வேண்டும்: வாடகையும் வரியும் மட்டுமா, எல்லாச் செலவுமா. அதை வெறுமையாக விட்டால் மினிபார் பில்லும் உங்களுக்கே வரும். வாடகையும் வரியும் மட்டும் என்று குறித்தால், தங்குபவர் கூடுதல் தொகைக்குத் தன் கார்டையோ ரொக்கத்தையோ காட்ட வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள், இரவு 11 மணிக்குக் கவுண்டரில் நின்று அவர் தெரிந்துகொள்ளும்படி விட வேண்டாம்.

கார்டின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பின்பக்கத்து சிவிவி எண்ணை, அப்ரூவல் கிடைத்த பிறகு சேமித்து வைக்கக் கார்டுத் துறையின் பாதுகாப்பு விதிகள் வணிகர்களை அனுமதிப்பதில்லை. மெயிலில் போன படமோ அங்கேயே கிடக்கும். பாதுகாப்பான பேமென்ட் லிங்க் அனுப்பச் சொல்லுங்கள், ஓடிபி போட்டு நீங்களே முடித்துக்கொள்ளலாம்.